ஓர் அச்சு, நாலு பண்டிகை

மதுரையிலிருந்து சிங்கப்பூர் வந்து ஒன்பது மாதமான ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்கில் ஆறாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். சீனப் புத்தாண்டுக்கு எதிர்வீட்டு ஆன்ட்டி ஒரு டப்பா அன்னாசி டார்ட்டும் இரண்டு ஆரஞ்சும் கொடுத்தார். நோன்புப் பெருநாளுக்குப் பக்கத்து மலாய் வீட்டிலிருந்து ஒரு தட்டு நிறையப் பலகாரம் வந்தது. இப்போது தீபாவளி நெருங்குகிறது. அவர்களுக்கு நாங்கள் என்ன கொடுக்கலாம்? எதைக் கொடுக்கக்கூடாது? எல்லா இனத்திலும் பண்டிகை என்றால் இனிப்புதானா?"

அவசரத்துக்கு ஒரு பதில் முதலில். முறுக்கும் அச்சு முறுக்கும் கொடுங்கள். மூடி போட்ட டப்பாவில் கொடுங்கள். சாமிக்குப் படைப்பதற்கு முன்பே அவர்கள் பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். ஜாங்கிரி, குலாப் ஜாமுன் வேண்டாம். நேரமில்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். காரணம் வேண்டுமென்றால் மேற்கொண்டு படியுங்கள், கொஞ்சம் நீளம்தான். சிங்கப்பூரின் வடக்கே ஈசூனில் ஒரே தளத்தில் முப்பது வருடத்துக்கு மேல் குடியிருந்து, அடுத்த வீட்டுப் பண்டிகைக்கும் சேர்த்து எண்ணெய்ச் சட்டி வைத்தவள் சொல்கிறேன்.

உங்கள் தளத்தில் மூன்று இனமும் கலந்திருப்பது தானாக அமைந்ததில்லை. ஒரு புளோக்கில், ஒரு வட்டாரத்தில் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு வரை வீடு வாங்கலாம் என்று 1989-லிருந்து இங்கே வரம்பு இருக்கிறது. அதனால் யாருக்கும் தன் ஆட்களோடு மட்டும் ஒதுங்கி வாழ வழியில்லை. பண்டிகைக்குப் பண்டிகை டப்பாக்கள் காரிடாரில் போய் வந்துகொண்டுதான் இருக்கும்.

அச்சு முறுக்கிலிருந்து தொடங்குகிறேன். என் மாமியார் கும்பகோணத்திலிருந்து கொண்டுவந்த பித்தளை அச்சு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. நீளக் கம்பியின் நுனியில் பூ மாதிரி. பச்சரிசி மாவு, கொஞ்சம் மைதா, முட்டை, சர்க்கரை, தேங்காய்ப்பால், ஒரு பிடி எள். கலவை தோசை மாவைவிடக் கொஞ்சம் தளர இருக்க வேண்டும். அச்சை முதலில் வெறும் எண்ணெயில் நன்றாகக் காயவிட்டு, அப்புறம் மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்க வேண்டும். முக்கும்போது 'சொய்ங்' என்று ஒரு சத்தம் வரும். அது வரவில்லை என்றால் அச்சு காயவில்லை, மாவு ஒட்டாது. அதற்காக ஆசைப்பட்டு முழுக்க முக்கினால் மாவு அச்சின் தலைமேல் ஏறிப் பூட்டிக்கொள்ளும். வெந்த பிறகு என்ன உலுக்கினாலும் கழலாது, கத்தியால் சுரண்ட வேண்டியதுதான். எல்லாம் சரியாகச் செய்தாலும் முதல் மூன்று பூ பிய்ந்துதான் வரும். "அது எண்ணெய்க்குப் பங்கு, போகட்டும்" என்பார் மாமியார்.

இதை நம் பலகாரம் என்றுதான் நான் வளர்ந்தேன். இங்கே வந்த முதல் நோன்புப் பெருநாளுக்குப் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாயில் அத்தை, பெரியம்மா வயதுப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு தட்டு கொடுத்தார். அதில் அச்சு அசலாக அச்சு முறுக்கு! "குவே ரோஸ்" என்றார். சிலர் குவே லோயாங் என்பார்கள், லோயாங் என்றால் பித்தளை. சரி, மலாய்க்காரர்களும் நம்மைப் போலத்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த சீனப் புத்தாண்டுக்கு எதிர்வீட்டு ஆன்ட்டி ஒரு சிவப்பு மூடி டப்பா கொடுத்தார். திறந்தால் அதே பூ. சீனர்கள் இதைத் தேன்கூடு பிஸ்கட் என்கிறார்கள். ஓட்டை ஓட்டையாக இருப்பதால் வந்த பெயர்.

அதோடு விடவில்லை. என்னோடு வேலை செய்த கேரளத்துத் தோழி வீட்டில் இது அச்சப்பம், கிறிஸ்துமஸ் பலகாரம். மங்களூர், கோவா கிறிஸ்தவர்களின் கிறிஸ்துமஸ் தட்டிலும் இது உண்டு. இலங்கையில் கொக்கிஸ், சித்திரைப் புத்தாண்டு மேசையில் இது இல்லாமல் இருக்காது. டச்சுக்காரர்கள் பிஸ்கட்டைச் சொல்லும் சொல்லிலிருந்து வந்த பெயர் என்பார்கள். நார்வேயில் இதே கம்பி, இதே பூ, கோதுமை மாவில் செய்து மேலே பொடிச் சர்க்கரை தூவி கிறிஸ்துமஸுக்குச் சாப்பிடுகிறார்கள். ஆக, உங்கள் தட்டிலிருந்து எதிர்வீட்டாரின் நாக்கு உடனே அடையாளம் கண்டுகொள்ளும் பண்டம் எது என்றால் இதுதான். அதனால்தான் தொடக்கத்திலேயே சொன்னேன்.

மக்சிக்கிடம் இருந்தது அலுமினிய அச்சு, ஒட்டிக்கொண்டே இருக்கும். எங்கள் பித்தளை அச்சைப் பார்த்ததிலிருந்து ஆண்டுதோறும் இரவல் வாங்குவார். முதல்முறை வாங்கும்போது வாசலில் நின்று தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார்: "இதில் பன்றிக் கொழுப்பு ஏதாவது பட்டிருக்குமா?" எங்கள் வீட்டில் கடலை எண்ணெயும் தாவர எண்ணெயும் தவிர வேறு கிடையாது என்று சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. அந்தக் கேள்வியை அவர் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. கேட்காமல், வாங்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் விடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இஸ்லாமிய ஆண்டு நம் காலண்டர் ஆண்டைவிடப் பத்துப் பதினொரு நாள் குறைவு. அதனால் நோன்புப் பெருநாள் ஆண்டுக்கு ஆண்டு முன்னால் நகர்ந்து, சுமார் 33 ஆண்டில் ஒரு சுற்று வரும். 2004-லிருந்து 2006 வரை மூன்று ஆண்டும் தீபாவளியும் பெருநாளும் ஒரே வாரத்தில் வந்தன. 2005-ல் நவம்பர் 1 தீபாவளி, 3-ஆம் தேதி பெருநாள். ஒரே ஓர் அச்சு! காலையில் எங்கள் வீட்டுச் சட்டியில், மதியத்துக்கு மேல் மக்சிக் வீட்டுச் சட்டியில். அவர் நோன்பில் இருக்கிறார், பகலில் எதையும் விழுங்காமல் பக்குவம் பார்க்க வேண்டும். ஒரு கிண்ணத்தில் மாவோடு வந்து நிற்பார். "இனிப்பு போதுமா, உப்பு தெரிகிறதா, நீ பார்த்துச் சொல்." நான் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துச் சொல்வேன். அந்த வாரம் அவர் வீட்டுப் பலகாரத்துக்கு என் நாக்குதான் தராசு.

இதே மாதிரி 1996, 97, 98-ல் பெருநாளும் சீனப் புத்தாண்டும் ஒட்டி வந்தன. 2029-லிருந்து மறுபடி மூன்று ஆண்டுக்கு அப்படி வரப்போகிறது. அதுவரை இங்கே இருந்தீர்கள் என்றால் தட்டு வைக்க மேசையில் இடம் இருக்காது.

அச்சு முறுக்கைப் போல இன்னொரு பண்டம் உண்டு. கீழக்கரைப் பக்கம் உறவு இருந்தால் தொதல் தெரிந்திருக்கும். அரிசி மாவையும் தேங்காய்ப்பாலையும் கருப்பட்டியையும் கை ஓயக் கிண்டிச் செய்யும் கறுப்பு அல்வா. மலாயில் இது டோடோல். கேலாங் சிராய் பெருநாள் சந்தையில் வெட்டி வெட்டிக் கொடுப்பார்கள். ஒட்டரிசி மாவு, தேங்காய்ப்பால், பனைவெல்லம் எல்லாம் பெரிய கடாயில் ஏழெட்டு மணி நேரம் கொதிக்கும். இறுக இறுகத் துடுப்பு நகராது, ஆண்கள்தான் கிண்டுவார்கள். இலங்கையிலும் தொதல் புத்தாண்டுக்கு உண்டு. கோவாவில் டோடோல் கிறிஸ்துமஸுக்கு. பெயர்கூட மாறாமல் கடல் தாண்டிய பண்டம் இது.

சீனர்களின் நியான் காவ் இதற்குத் தம்பி முறை என்று வைத்துக்கொள்ளலாம். ஒட்டரிசி மாவும் சர்க்கரையும் மட்டும்தான், தேங்காய்ப்பால் கிடையாது. வாழை இலை சுற்றிய சிறு டின்களில் ஊற்றி மணிக்கணக்காக ஆவியில் வேகவைப்பார்கள். பெயரை உச்சரித்தால் 'ஆண்டுக்கு ஆண்டு உயர்வு' என்றும் காதில் விழும், அதனால் புத்தாண்டுப் பலகாரம். யாராவது கொடுத்தால் அன்றே தின்ன முயலாதீர்கள், பல்லோடு வந்துவிடும். இரண்டு வாரத்தில் கல்லாக இறுகும். அப்போது வில்லைகளாக வெட்டி, ஒரு பக்கம் சேப்பங்கிழங்குத் துண்டு, மறுபக்கம் சர்க்கரைவள்ளிக் கிழங்குத் துண்டு, நடுவில் இது, மூன்றையும் பஜ்ஜி மாவில் முக்கிப் பொரித்துப் பாருங்கள். உங்கள் வீட்டுக்காரம்மா அடுத்த ஆண்டு அவரே போய்க் கேட்டு வாங்குவார்.

எல்லா இனத்திலும் இனிப்புதானா என்று கேட்டீர்கள். இந்த நியான் காவுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, அதிலேயே பாதிப் பதில் வந்துவிடும். சீனர் வீடுகளில் அடுப்படிச் சாமி ஒருவர் உண்டு. புத்தாண்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவர் மேலுலகம் போய், அந்த வீட்டில் ஆண்டு முழுக்க நடந்ததையெல்லாம் வானுலகப் பேரரசரிடம் ஒப்பிப்பாராம். மாமியார் மருமகள் சண்டை உட்பட! போகிறவர் வாயில் ஒட்டும் இனிப்பை வைத்துவிட்டால்? ஒன்று, வாய் ஒட்டிக்கொண்டு பேச முடியாது. அல்லது பேசினாலும் இனிப்பாகத்தான் பேசுவார். சில வீடுகளில் படத்தின் உதட்டில் தேனையே தடவிவிடுவார்கள். சாமிக்கே கையூட்டு. எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது.

இதையே மராட்டியர்கள் மனிதருக்குச் செய்கிறார்கள். நமக்குப் பொங்கல் அன்று அவர்களுக்குச் சங்கராந்தி. எள்ளும் வெல்லமும் சேர்ந்த உருண்டையைக் கையில் கொடுத்து "தில்குள் க்யா, கோட் கோட் போலா" என்பார்கள். எள்ளுருண்டை எடுத்துக்கொள், இனிக்க இனிக்கப் பேசு என்று பொருள். கன்னடக்காரர்களும் எள்ளும் வெல்லமும் கொடுத்து நல்ல பேச்சைத்தான் கேட்கிறார்கள். போன ஆண்டு மனஸ்தாபத்தை அந்த உருண்டையோடு முழுங்கிவிடு என்று சொல்லாமல் சொல்வது.

புகிஸ் பக்கம் வாட்டர்லூ ஸ்திரீட் போயிருப்பீர்கள். கிருஷ்ணன் கோயில், அதை ஒட்டிச் சீனர்களின் கருணைத் தெய்வம் குவான் யின் கோயில், இரண்டு வாசலிலும் ஊதுவத்தி மணக்கும். அதே தெருவில் 1878-ல் கட்டிய யூதர் வழிபாட்டு இடமும் இருக்கிறது. யூதர்கள் தங்கள் புத்தாண்டுக்கு ஆப்பிள் துண்டைத் தேனில் தோய்த்துத் தின்று, வரும் ஆண்டு இனிக்கட்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். அவர்களுக்குப் பூரிம் என்று இன்னொரு பண்டிகை. அன்றைக்கு ஒரு நண்பருக்காவது இரண்டு வகைத் தின்பண்டமாவது அனுப்பியே ஆக வேண்டும் என்பது சமய விதி. நாம் மரியாதைக்குச் செய்வதை அவர்கள் விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். துருக்கியிலோ நோன்புப் பெருநாளுக்கே ஷெக்கர் பைராம் என்று பெயர், சர்க்கரைப் பண்டிகை. அந்த ஷெக்கரும் நம் சர்க்கரையும் ஒரே வேர். (நாம் சீனி என்கிறோமே, அது சீனாவை வைத்து வந்த சொல். எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் இதைச் சொன்னேன், அரை மணி நேரம் சிரித்தார்.)

ஆனால் இனிப்பு மட்டும்தானா என்றால் இல்லை. நம் சித்திரைப் புத்தாண்டுக்கு வேப்பம்பூவையும் வெல்லத்தையும் மாங்காயையும் சேர்த்துத்தானே பச்சடி வைக்கிறோம், தெலுங்கர்கள் யுகாதிக்குச் செய்வதும் அதுதான். ஆண்டு முழுக்க இனிக்காது என்பது தெரிந்தவர்களும் இருக்கிறார்கள்.

அன்னாசி டார்ட் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டால் நான் ஈசூன்காரி இல்லை. ஹொக்கியன் என்ற சீன வட்டாரப் பேச்சில் அன்னாசிக்கு 'ஓங் லாய்' என்று பெயர்; 'செல்வம் வருகிறது' என்பதும் கேட்க அதே மாதிரி இருக்கும். பழமோ தென்னமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்தது, அன்னாசி என்ற சொல்லையும் அவர்களே இறக்கினார்கள். நூறு ஆண்டுக்கு முன் இந்தத் தீவின் வடக்கில் ரப்பர் கன்று நட்டவர்கள், பால் வெட்ட ஐந்தாறு ஆண்டு காத்திருக்க வேண்டுமே என்று இடையில் அன்னாசி போட்டார்கள், டின்னில் அடைத்துக் கப்பல் ஏற்றினார்கள். அதில் பெரும் பணம் பார்த்தவர் 'அன்னாசி ராஜா' லிம் நீ சூன். அவர் பெயரை மாண்டரினில் சொன்னால்தான் ஈசூன். அவர் தோட்டம் இருந்த பக்கத்தில்தான் நான் பத்தாவது மாடியில் துணி காயப்போடுகிறேன். இப்போது அன்னாசி டார்ட் சீனர் வீட்டில் புத்தாண்டுக்கு, மலாய் வீட்டில் பெருநாளுக்கு, தமிழர் வீடுகளிலும் தீபாவளித் தட்டில். யாரும் யாரையும் கேட்பதில்லை.

சூஜி பிஸ்கட்டும் அப்படித்தான். சூஜி என்றால் ரவை, ஆனால் இங்கே பல வீட்டுச் சூஜியில் ரவை ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. மைதா, பொடிச் சர்க்கரை, நெய். வாயில் வைத்தால் கரைய வேண்டும், பேசினால் மாவு பறக்க வேண்டும், அதுதான் நல்ல சூஜி. யுரேசியர்களின் (ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வம்சத்தவர்) கிறிஸ்துமஸ் சூஜி கேக்கில் உண்மையாகவே ரவை இருக்கும், பாதாம் இருக்கும், பல வீடுகளில் பிராந்தியும் இருக்கும். குழந்தைகளுக்குக் கொடுக்கும்முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, கொடுக்கும் முறைக்கு வருகிறேன். பலகாரம் இடம் மாறி மாறிப் போய்விட்டது, முறை மட்டும் அவரவரிடம் அப்படியே நிற்கிறது. தவறு நடப்பதும் இங்கேதான்.

எண்ணிக்கையைப் பாருங்கள். நமக்கு மொய் 101, தாம்பூலத்திலும் ஒற்றைப்படைதான் ராசி. மலாய்க்காரர்கள் நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தை ஒற்றைப்படையில்தான் எடுப்பார்கள். சீனர்களுக்கு நேர்மாறு: நல்லதெல்லாம் ஜோடியாக வர வேண்டும். அதனால்தான் உங்களுக்கு ஆரஞ்சு இரண்டு வந்தது. நான்கு மட்டும் ஆகாது, அந்த எண்ணின் ஒலி சாவைக் குறிக்கும் சொல்லுக்கு நெருக்கம். ஆரஞ்சை அவர்கள் வீட்டுக்கு நீங்கள் எடுத்துப் போனால் திரும்பும்போது அவர்களும் இரண்டு ஆரஞ்சை உங்கள் கையில் வைப்பார்கள். 'நாம் கொடுத்ததையே திருப்பித் தருகிறார்களே' என்று வருந்த வேண்டாம், ஜோடியை மாற்றிக்கொள்வதுதான் மரியாதை. வெள்ளைத் தாளில், கறுப்புப் பையில் எதையும் கொடுக்காதீர்கள். அவை துக்கத்தின் நிறங்கள்.

படையல் விஷயம் முக்கியம். சாமிக்கு வைத்ததைப் பிரசாதம் என்று அன்போடு கொடுக்கத்தான் நமக்குத் தோன்றும். முஸ்லிம்களும் பல கிறிஸ்தவர்களும் வேறு தெய்வத்துக்குப் படைத்ததைச் சாப்பிடமாட்டார்கள். வாங்கிக்கொள்வார்கள், சிரிப்பார்கள், வீணாகும். முதல் ஈட்டிலேயே அவர்கள் டப்பாவை நிரப்பி ஓரமாக வைத்துவிட்டு, "இது பூசைக்கு முன்னாலேயே எடுத்து வைத்தது" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். அந்த ஒரு வார்த்தைக்கு மதிப்பு அதிகம். வீட்டில் பன்றி இறைச்சி சமைப்பீர்கள் என்றால் மலாய் வீட்டுக்குக் கடையில் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) ஹலால் முத்திரை உள்ள பெட்டியாக வாங்கிக் கொடுத்துவிடுங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை. மிட்டாயில், மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கும், பாருங்கள். அகர் அகர் கடற்பாசிதான், பயமில்லை.

நமக்கும் இதே கவனம் வேண்டும். ஊரிலிருந்து என் பெரியம்மா வந்திருந்த சமயம். காசிக்குப் போய் வந்த பிறகு முட்டைகூடத் தொடாதவர். அலுவலகத்தில் எனக்கு ஒரு மூன்கேக் (சீனர்களின் நிலா விழாக் கேக்) பெட்டி கொடுத்திருந்தார்கள். பட்டுப்புடைவைப் பெட்டி மாதிரி தங்க எழுத்தெல்லாம் போட்டு அவ்வளவு அழகு. பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு, "முதலில் சாமிக்கு வை" என்று பூசை அலமாரியில் வைத்து, விளக்கேற்றிக் கும்பிட்டு, அப்புறம்தான் வெட்டினார். உள்ளே தாமரை விதை விழுது, அதன் நடுவே ஆரஞ்சு நிறத்தில் உருண்டையாக ஏதோ ஒன்று. "இதென்னடி, பூரணத்துக்குள்ளே பூரணம்?" உப்புப் போட்ட வாத்து முட்டை மஞ்சள் கரு! மேல்மாவில் சில இடங்களில் பன்றிக் கொழுப்பும் சேர்ப்பது உண்டு என்பதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. சைவக்காரர் வீட்டில் இருந்தால் பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். முட்டை இல்லாத, கொழுப்பு இல்லாத மூன்கேக்கும் கிடைக்கிறது. அன்னாசி டார்ட்டின் பளபளப்பும் முட்டைக் கருதான். குவே லாப்பிஸ் என்ற அடுக்குக் கேக்குக்கு இருபது, முப்பது முட்டைக் கரு போகும்.

(கட்டுப்பாடு எல்லா ஊரிலும் உண்டு. இங்கே சூப்பர்மார்க்கெட்டில் டிசம்பரில் வரும் ஜெர்மானிய ஸ்டோலன் ரொட்டியில் ஒரு காலத்தில் வெண்ணெய் போடக்கூடாது, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள்கள் விரத காலம். எண்ணெயில் செய்து வறண்டு போகிறது என்று முறையிட்டு முறையிட்டு, 1491-ல்தான் போப்பாண்டவர் வெண்ணெய்க்கு அனுமதி கொடுத்தார்.)

காலமும் பார்க்க வேண்டும். மூன்கேக்கை எட்டாம் சீன மாதம் பௌர்ணமிக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும், மறுநாள் கொடுத்தால் தீபாவளிக்கு அடுத்த நாள் பட்டாசு கொடுப்பது போலத்தான். புத்தாண்டு வருகை பதினைந்து நாள் வரை போகும். மலாய்க்காரர்களுக்குப் பெருநாளுக்குப் பிறகு அந்த மாதம் முழுக்க விருந்தாளி வருவார்கள், ஆகவே முதல் நாளே போய் நெரிசலில் நிற்க வேண்டாம்.

ஜாங்கிரி ஏன் வேண்டாம் என்றேன்? நம் பாகு இனிப்பு சீனர் நாக்குக்குத் தாங்காது. சீனர் வாயில் ஓர் இனிப்புக்குக் கிடைக்கும் உச்சகட்டப் பாராட்டு என்ன தெரியுமா? "அவ்வளவு தித்திப்பு இல்லை!" முதன்முதலில் என் ரவா லட்டைத் தின்றுவிட்டு எதிர்வீட்டு ஆன்ட்டி மரியாதைக்கு இரண்டு கோப்பை தண்ணீர் குடித்தார். முறுக்கைக் கொடுத்தேன், டப்பா அன்றிரவே காலி. அதுவும் இப்போது வயதானவர்கள் பலருக்குச் சர்க்கரை நோய். நம் வீட்டு மாமாக்களுக்கும்தான், அதைச் சொல்லவே வேண்டாம்.

பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பாதீர்கள். மலாய் வீட்டிலும் இதே வழக்கம்தான். மக்சிக் தட்டு எங்களிடம் இருந்தால் ஒரு பிடி சர்க்கரையாவது, இரண்டு வாழைப்பழமாவது வைத்துத்தான் போகும். உங்களிடம் அவர் தட்டு இன்னும் இருக்கிறது என்றால், தம்பி, ஆறு மாதமாக ஒரு தட்டு உங்களுக்காகக் காத்திருக்கிறது. தீபாவளிக்கு அதிலேயே கொடுத்துவிடுங்கள், மேலே ஒரு மூடியோ தாளோ போட்டு.

துக்க வீடு என்றால் விதி வேறு. நமக்கு ஓர் ஆண்டு பண்டிகை இல்லை, அடுப்பில் எண்ணெய் வைப்பதில்லை. துக்கத்தில் இருக்கும் சீனர்களும் புத்தாண்டுக்கு யார் வீட்டுக்கும் போவதில்லை. தெரியாமல் சிவப்பு டப்பாவோடு போய் நிற்காதீர்கள். லிஃப்டில் பார்க்கும்போது நாலு வார்த்தை பேசினாலே விவரம் தெரிந்துவிடும். என் மாமனார் காலமான ஆண்டில் எங்கள் வீட்டில் சட்டி ஏறவில்லை. பிள்ளைகள் சின்னவர்கள், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார்கள். தீபாவளிக்கு முதல் நாள் மக்சிக் வந்து அச்சை இரவல் கேட்டார். பெருநாள் முடிந்து மாதக்கணக்காகிவிட்டதே, இப்போது எதற்கு என்று நான் கேட்கவில்லை. சாயங்காலம் அச்சு திரும்பி வந்தது, கூடவே ஒரு டின் நிறையப் பூ.

பலகாரம் தின்ற பிறகு என்ன செய்வது என்பதிலும் ஒற்றுமை உண்டு. நாம் சுக்கு, மிளகு, ஓமம், வெல்லம் போட்டு லேகியம் கிண்டுவோம். சீனர்கள் பொரித்தது உடம்புக்குச் சூடு என்று சொல்லிக் கசப்பு மூலிகைத் தேநீர் குடிப்பார்கள். ஆன்ட்டிக்கு ஒருமுறை லேகியம் கொடுத்தேன். முகத்தைச் சுளித்தார், பிறகு செய்முறை கேட்டு எழுதிக்கொண்டார். அவர் கொடுத்த மூலிகைத் தேநீரை என் வீட்டுக்காரர் தொட்டியில் ஊற்றியது அவருக்குத் தெரியாது.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். எதிர்வீட்டுக்கு முறுக்கு, அச்சு முறுக்கு இரண்டு டப்பா. பக்கத்து வீட்டுக்கு அதே இரண்டும் அவர்கள் தட்டில். அதிரசம் செய்யத் தெரிந்தால் இருவருக்கும் இரண்டிரண்டு சேருங்கள், ஆனால் முதல்முறை வேண்டாம்; பாகு பதம் தவறினால் ஒன்று எண்ணெயில் கரையும், இல்லை கல்லாகும், அதைப் பக்கத்து வீட்டில் கொடுத்துப் பழகக்கூடாது. அச்சு தேக்காவில் (லிட்டில் இந்தியா) பாத்திரக் கடைகளில் கிடைக்கும். கனமானதாகப் பார்த்து வாங்குங்கள். புது அச்சை அப்படியே சட்டியில் விட்டால் ஒரு பூவும் கழலாது. இரண்டு நாள் கஞ்சித் தண்ணீரில் ஊறப்போட்டு, துடைத்து, எண்ணெய் தடவி வைத்துவிட்டு மூன்றாம் நாள் ஆரம்பியுங்கள். முதல் மூன்று பூ பிய்ந்து வந்தால் மனம் விட வேண்டாம், அது எண்ணெய்க்கு.